சாகா மரத்துப் பொந்து

குரங்குதான் அதை முதலில் எடுத்தது. சிங்கப்பூரின் பழைய ரயில் பாதையில், ரயில் மால் பக்கத்து இரும்புப் பாலத்தைத் தாண்டிப் பழைய புக்கிட் தீமா நிலையம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பாதையோரம் சாய்ந்து கிடந்த மரக்கிளையில் நீண்ட வால் குரங்கு ஒன்று உட்கார்ந்து கையில் எதையோ புரட்டிப் புரட்டிப் பார்த்தது. கடித்தது, முகர்ந்தது. தின்கிற பண்டமில்லை என்று தெரிந்ததும் வீசிவிட்டுத் தாவிப் போய்விட்டது. விழுந்தது ஒரு பிலிம் டப்பா. கறுப்பு உடம்பு, சாம்பல் நிற மூடி. மேலே பச்சையும் பழுப்புமாகத் துணி டேப் சுற்றியிருந்தார்கள். ஒரு முனையில் சின்னக் கம்பிக் கொக்கி.

இந்த மாதிரி டப்பாவைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆகிவிட்டது. என் வீட்டில் கேமரா இருந்த காலம் போய்க் கைப்பேசியே கேமராவாகிவிட்ட பிறகு பிலிம் சுருளுக்கு வேலையில்லை, டப்பாவுக்கும் இல்லை. ஆனால் விரல் மறக்கவில்லை. கட்டைவிரலால் மூடியின் ஓரத்தை மேலே தள்ளினால் 'டப்' என்று ஒரு சத்தம் வருமே, அதே சத்தம் வந்தது. உள்ளே சின்ன ஜிப் பை. பைக்குள் பஸ் டிக்கெட் அகலத்துக்கு நீளமாக நறுக்கிச் சுருட்டிய காகிதம். விரித்தால் வரிசையாகப் பெயர்களும் தேதிகளும். சில பெயர்கள் ஆளின் பெயர் மாதிரியே இல்லை. மழைத்தண்ணீர் புகுந்து நடுவில் இரண்டு மூன்று வரி நீலமாகக் கரைந்திருந்தது. ஓரிடத்தில் ஒரு குழந்தை பென்சிலால் பெயரைக் கிறுக்கி, பக்கத்தில் ஒரு மீன் வரைந்திருந்தது. சுருளின் தலைப்பில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: இது ஒரு விளையாட்டு, தேடி வந்திருந்தாலும் தற்செயலாகப் பார்த்திருந்தாலும் மகிழ்ச்சி, பெயர் எழுதிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அந்தப் பாதையில் நின்றபடி அதை இரண்டு தடவை படித்தேன். என் மனசு அதற்குள் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சாகா மரத்துக்குப் போய்விட்டிருந்தது.

அப்போது எங்கள் வீடு ஏழாவது மைல் கம்போங்கில். தகரக் கூரை, பலகைச் சுவர், வாசலில் ஒரு ரம்புத்தான் மரம். புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் அம்மாவின் தம்பிக்கு வேலை. குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ரப்பர் மரம் சீவப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவர். தாத்தா பாட்டி காலத்துப் பேச்சில் தண்டவாளத்துக்குக் 'கம்பிச் சடக்கு' என்று பெயர். "உன் மாமன் கம்பிச் சடக்கைக் கட்டிக்கிட்டான், இனிமே பொண்ணு எதுக்கு?" என்று பாட்டி கேலி செய்வார். அந்த வயதில் எனக்கும் தம்பிக்கும் உலகத்திலேயே பெரிய உத்தியோகம் மாமாவுடையதுதான்.

காரணம் அந்த வளையம். ஒற்றைத் தண்டவாளப் பாதை அது. எதிரெதிராக இரண்டு ரயில் ஒரே துண்டுப் பாதைக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டோக்கன் உண்டு. சாவி வடிவத்தில் உலோகத்தால் செய்தது. அது கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அடுத்த துண்டுக்குள் ரயிலை விடமாட்டார். நிலையத்துக்குள் இருந்த கருவியும் அடுத்த நிலையத்துக் கருவியும் மின்கம்பியால் பேசிக்கொள்ளும். ஒரு டோக்கன் வெளியே போயிருந்தால் இன்னொன்று வெளியே வராமல் இரண்டும் பூட்டிக்கொள்ளும். டோக்கனை ஒரு தோல் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். ரயில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மேடையை நெருங்கும்போது மாமா கையை உயர்த்தி வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். ஓட்டுநர் சன்னல் வழியாகக் கை நீட்டி அதைத் தோளோடு வாங்கிக்கொள்வார். முடித்துவந்த துண்டின் வளையத்தை இந்தப் பக்கம் வீசுவார். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது ஒரு நொடியில் முடிந்துவிடும். இன்ஜின் போன பிறகும் மாமாவின் சட்டை காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும். அந்த நொடிக்காகவே நாங்கள் பள்ளி விட்டதும் நிலையத்துக்கு ஓடுவோம்.

ஆனால் மாமாவுக்கு முறை வேலை. பல நாள் நாங்கள் போகும்போது அவர் இருக்கமாட்டார், தூங்கப் போயிருப்பார். ஏமாந்து திரும்பும் எங்கள் முகத்தைப் பற்றி அம்மா சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்து, "நான் இல்லாட்டி சாகா மரத்துக்குப் பின்னால பாருங்க. வேருக்கு நடுவுல ஒரு பொந்து இருக்கு. யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார்.

மறுநாள் போய்ப் பொந்துக்குள் கைவிட்டபோது கிடைத்தது ஒரு பிலிம் டப்பா.

அந்த டப்பாக்கள் எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பியூட்டி வேர்ல்ட் சந்தைக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சீனர் ஒருவர் அப்பாவுக்குச் சினேகிதர். கழுவிய பிலிமின் காலி டப்பாக்களைப் பை நிறையத் தந்துவிடுவார். அம்மா ஒன்றைக்கூடத் தூக்கிப் போடமாட்டார். திருநீறு ஒன்றில், குங்குமம் ஒன்றில், ஏலக்காய், கிராம்பு, ஊக்கு, பித்தான், பாட்டிக்கு வேண்டிய மாத்திரை எல்லாம் தனித்தனி டப்பாவில். மேலே பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதியிருப்பார். குளுவாங்குக்கு ரயில் ஏறும்போது அம்மாவின் கைப்பையில் காபிக் காசு ஒரு டப்பாவில் தனியாகக் குலுங்கும். குளுவாங் நிலையத்துக் காபிக்கடையில் கரியடுப்பில் வாட்டிய ரொட்டியும் காயாவும் வாங்க அந்தக் காசு. மாமாவும் எங்கள் வீட்டு அலமாரியிலிருந்துதான் ஒன்றை எடுத்துப் போயிருக்கிறார். மூடியில் அம்மா கையெழுத்தில் 'கடுகு' என்று இருந்தது.

உள்ளே கடுகு இல்லை. சாகா விதைகள். தமிழ்நாட்டில் இதை ஆனைக்குன்றிமணி என்பார்கள், மஞ்சாடி என்றும் சொல்வதுண்டு. தட்டையாக, பளபளவென்று, இதய வடிவில், சாயம் ஏற்றியதைப் போன்ற சிவப்பு. ஒரு காலத்தில் பொன் நிறுக்கும் எடையாகவே இதைப் பயன்படுத்தினார்கள் என்று பின்னாளில் படித்தேன். சிங்கப்பூரில் எங்கள் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் பள்ளிக்கூட மைதானத்தில் குனிந்து இதைப் பொறுக்கிய கதை சொல்வார்கள். மாமா டப்பா நிறையப் பொறுக்கிப் போட்டிருந்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'எடுத்தால் ஏதாவது வைக்கணும்.'

தம்பி சட்டைப்பையைத் தடவிப் பார்த்து ஒரு கோலிக்குண்டை வைத்தான். நான் பழைய தபால்தலை ஒன்றை வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பொந்து எங்களுக்குள் ஒரு தபால் நிலையம் மாதிரி நடந்தது. மாமா பத்துக் காசு வைப்பார், வறுத்த கடலை வைப்பார். பயணிகள் விட்டுப்போன பழைய ரயில் சீட்டு, தடித்த அட்டையில் ஓட்டை போட்டது, அதை வைப்பார். அந்தச் சீட்டில் இருக்கும் ஊர்ப்பெயரை வைத்து நானும் தம்பியும் யார் எங்கே போனார்கள் என்று கதை கட்டுவோம். தாப்பா ரோடு, பத்து காஜா என்று நாங்கள் பார்த்தேயிராத ஊர்களுக்கெல்லாம் அந்தக் கதைகளில் போய்வந்தோம். ஒரு தடவை தம்பி தன் விழுந்த பல்லை வைத்துவிட்டான். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் சீட்டு இருந்தது: 'பல்லை மெயில் ரயிலில் ஏற்றிவிட்டேன். காலையில் கோலாலம்பூர் போய்ச் சேரும். புதுப் பல் அங்கிருந்து வரும்.' புதுப் பல் வந்தபோது தம்பி அதைக் கோலாலம்பூர்ப் பல் என்றே சொல்லித் திரிந்தான்.

கிம்மாஸ் நிலையத்துக்கு மாற்றலாகி மாமா போனதும் பொந்து வெறுமையாயிற்று. கொஞ்ச நாளில் எங்கள் கம்போங்கும் போனது. வீவக அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம், பதினோராவது மாடி. கையெட்டும் தூரத்தில் வேரும் இல்லை, பொந்தும் இல்லை. அம்மாவின் டப்பாக்கள் மட்டும் புது அலமாரியில் அதே வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டன.

குரங்கு வீசிய டப்பாவைத் திரும்ப எங்கே வைப்பது? அந்தச் சாய்ந்த கிளையிலேயே தேடினேன். இலைக்கு அடியில், கண்ணில் படாத உயரத்தில், ஒரு கம்பி வளையம் சுற்றியிருந்தது. கொக்கி அதில் கச்சிதமாக மாட்டியது. மாட்டுவதற்கு முன்னால், கடைசித் தேதிக்குக் கீழே என் பெயரைத் தமிழில் எழுதினேன். அந்தச் சுருளில் தமிழ் எழுத்து வேறு எதுவும் இல்லை.

அன்று ராத்திரி தம்பி மகளிடம் சொன்னேன். ஜொகூர் பாருவிலிருந்து இங்கே வேலைக்கு வந்து என்னோடு தங்கியிருக்கும் பெண். "அத்தை, அத எடுத்த எடத்துலயே வெச்சிட்டீங்கள்ல?" என்றுதான் முதலில் கேட்டாள். வைத்துவிட்டேன் என்றதும் பெருமூச்சு விட்டாள். பிறகு கைப்பேசியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினாள். பழைய ரயில் பாதையிலும் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு டப்பா. ஜியோகேஷ் என்கிறார்கள். உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல் இருக்கிறதாம். நான் தினமும் நடக்கும் பாதையில், நான் உட்காரும் இருக்கைக்கு அடியில்கூட ஒன்று இருந்திருக்கிறது.

அவளிடம் கேட்டும் நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவை என் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன. ஜிபிஎஸ் துணைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சமிக்ஞை ஒரே நேரத்தில் கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். ஆனால் பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரைக்கும் தப்பும். 2000 மே 2 அன்று அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். ஒரே நாளில் உலகத்தில் இருந்த கருவி எல்லாம் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன. மறுநாளே, மே 3, ஆரிகன் மாநிலத்துப் பீவர்க்ரீக் பக்கத்தில் டேவ் உல்மர் என்ற கணினிக்காரர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே மென்பொருள், வீடியோ, புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். வந்தவர் எழுத ஒரு நோட்டும் பென்சிலும். அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் போட்ட விதி: கொஞ்சம் எடுத்துக்கொள், கொஞ்சம் வைத்துவிட்டுப் போ.

அந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஆரிகன் எங்கே, புக்கிட் தீமா எங்கே. இணையமோ துணைக்கோளோ இல்லாமல், மூன்றாம் ஃபாரம்கூட முடிக்காத ஒரு ரயில்வேக்காரர், அக்கா பிள்ளைகள் ஏமாந்து திரும்பக் கூடாது என்பதற்காக அதே விதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். இது மாமா ஒருவருக்கு மட்டும் தோன்றியதும் அல்ல. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தாராம். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் முகவரி அட்டையை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். யாரோ வருவார்கள், எடுத்துப் பார்ப்பார்கள், கெடுக்கமாட்டார்கள் என்று முன்பின் தெரியாத ஆளை நம்பி ஒரு பொருளை வெட்டவெளியில் வைப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆளில்லாத பையைப் பார்த்தால் உடனே தகவல் சொல்லும்படி எம்ஆர்டி நிலையத்தில் ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டே இருக்கும் ஊர் இது. அந்த எச்சரிக்கை வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. அதே ஊரில் ஒரு பிலிம் டப்பா கிளையில் தொங்கிக்கொண்டு பல பேர் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத் தேடலுக்கு அழைத்துப் போனாள். கருவி இடத்தைச் சில மீட்டருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும், அதற்குமேல் கண்ணும் கையும்தான். பாதையில் ஆள் வந்தால் ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்ள வேண்டும். விளையாட்டு தெரியாதவர் கண்ணில் இடம் படக் கூடாது. ஒரு தூணுக்குப் பின்னால் காந்தம் வைத்த டப்பா, விரல் நுனியளவுதான். இன்னொன்று பூட்டுமூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, சோற்று டப்பா அளவு. அதற்குள் பொம்மைக் கார், சாவிக்கொத்து, வெளிநாட்டுக் காசு. கூடவே எண் பொறித்த ஓர் உலோகத் தகடு. அந்தத் தகட்டை எடுத்தவர் வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்த ஊரின் டப்பாவில் கொண்டுபோய்ப் போட வேண்டும். எண்ணைத் தட்டினால் அது வந்த வழி முழுக்க வரைபடத்தில் கோடாக விரியும். ரிச்சர்ட் கேரியட் என்பவர் 2008-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது இப்படி ஒரு தகட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தார் என்று அவள் சொன்னாள். எனக்குத் தம்பியின் பல் ஞாபகம் வந்தது. அவளிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அவள் அப்பாவின் பல் மெயில் ரயிலில் போன கதை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாதை என்றும் பாராமல் நின்று சிரித்தாள். உடனே அவனைத் தொலைபேசியில் அழைத்து, "பா, கோலாலம்பூர்ப் பல்லு இன்னும் இருக்கா?" என்றாள்.

மாமா இப்போது இல்லை. கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து போன 2011 ஜூன் 30 ராத்திரி அவர் இருந்தார். ஓய்வு பெற்றுக் கிம்மாஸில். ஜொகூர் சுல்தானே அந்த ரயிலை ஓட்டிப் போனார். அவ்வளவு கூட்டத்தைப் புக்கிட் தீமா நிலையம் என் காலத்தில் பார்த்ததில்லை. அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நாங்களும் போயிருந்தோம். அங்கிருந்து மாமாவை அழைத்து, கைப்பேசியை உயர்த்தி ரயில் சத்தத்தைக் கேட்க வைத்தேன். ரயில் போன பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "டோக்கனை வாங்கி உள்ளே வெச்சிட்டாங்களா?" ஒரு துண்டுப் பாதையின் டோக்கன் வெளியே இருக்கும்வரை வேலை முடியவில்லை என்பது அவர் கணக்கு. அதன் பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். பாலங்களின் மேலும் நிலையத்தருகிலும் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள். நிலையத்தையும் சீர்செய்து திறந்துவிட்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கள் மரம் இல்லை. எந்த இடத்தில் நின்றது என்று சரியாகச் சொல்லக்கூட முடியவில்லை. அது எனக்குச் சின்ன வருத்தமில்லை.

அதனால்தான் ஒரு டப்பா வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். தம்பி மகள் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுகிறாள். ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. இடத்துக்கு உரியவர்களின் அனுமதி வேண்டும். வைத்தவர் அடிக்கடி போய்ப் பார்த்து ஈரமான காகிதத்தை மாற்ற வேண்டும். அது எனக்குச் சிரமமே இல்லை, எப்படியும் நடக்கிற பாதைதான். தின்பண்டம் வைக்கக் கூடாது, வாசம் பிடித்து மிருகங்கள் வந்துவிடும். ஆக, கடலைக்கு இடமில்லை. தன்னார்வலர் ஒருவர் எல்லாவற்றையும் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வரைபடத்தில் புள்ளி விழும்.

தம்பி ஜொகூர் பாருவிலிருந்து ஓயாமல் கூப்பிடுகிறான். பிலிம் டப்பா போதாது, பெரியதாக வை, பிள்ளைகள் எடுத்துப் போக ஏதாவது இருக்க வேண்டும் என்கிறான். கோலிக்குண்டு ஒரு பை வாங்கி வைத்திருக்கிறானாம். சாகா விதைக்கு நான் பொறுப்பு. தினமும் நடக்கும்போது பொறுக்கியதில் ஒரு டம்ளர் நிறைந்துவிட்டது. அம்மாவின் அலமாரியிலிருந்து மிஞ்சிய டப்பாக்கள் சில என்னிடம் உண்டு. அதில் ஒன்றில் விதைகளைப் போட்டுப் பெரிய டப்பாவுக்குள் வைக்கலாம் என்பது என் யோசனை. 'ஏலக்காய்' என்று எழுதிய மூடி அப்படியே இருக்கட்டும் என்கிறாள் தம்பி மகள். பெயர் என்ன வைப்பது என்பதில்தான் இன்னும் இழுபறி. தம்பி 'கோலாலம்பூர்ப் பல்' என்று வைக்கச் சொல்கிறான், நான் மாமா பெயரை வைக்கச் சொல்கிறேன். இந்த வாரக் கடைசியில் அவன் நேரில் வருகிறான், உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.